மகளிர் விடியல் பயணம்: நான்கு ஆண்டுகள் ஏறி இறங்கிய பின்

சென்னையின் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் வசதி 2021 மே 8 அன்று நடைமுறைக்கு வந்தது. பின்னர் திருநர்களும், மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடன் செல்லும் ஒருவரும் இதில் சேர்க்கப்பட்டார்கள். அன்று தொடங்கி நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக, மந்தைவெளியிலிருந்து அலுவலகம் செல்லவும் திரும்பவும் பெரும்பாலும் இந்தப் பேருந்துகளையே பயன்படுத்தி வந்திருப்பதால், இச்சேவையைப் பற்றிச் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு.

முதலில் பாராட்ட வேண்டியது இதன் எளிமையை. ஏறி உட்கார்ந்தால் நடத்துநர் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று எதையும் கேட்பதில்லை. கர்நாடகத்தில் 2023இல் தொடங்கிய இதே போன்ற திட்டத்தில், அந்த மாநிலத்தவர் என்பதற்கான அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். சென்னையிலோ ஒடிசாவிலிருந்து தையல் வேலைக்கு வந்த பெண்ணும், புரசைவாக்கத்தில் மூன்று தலைமுறையாக வாழும் உருது பேசும் பாட்டியும், கல்லூரி மாணவியும் ஒரே சீட்டைத்தான் வாங்குகிறார்கள். ஏழை என்று மெய்ப்பிக்கச் சொல்லாத ஓர் உதவி நம் ஊரில் எவ்வளவு அரிது என்பது, சான்றிதழுக்காக ஒரு முறையேனும் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

என் அருகில் அடிக்கடி உட்காரும் ஓர் அக்கா கண்ணகி நகரிலிருந்து வருகிறார். மந்தைவெளியில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கி, வீடு பெருக்குகிறார். சீட்டை நான்காக மடித்துக் கண்ணாடி வளையலுக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் செருகிக்கொள்வது அவர் வழக்கம். முன்பெல்லாம் காலை வேலை முடிந்ததும், மாலை வேலை தொடங்கும் வரை மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருப்பாராம். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் அன்றைய கூலியில் ஒரு பங்கு பேருந்துக்கே போய்விடும். இப்போது நடுவில் வீட்டுக்குப் போய், பள்ளியிலிருந்து வரும் மகளுக்குச் சோறு போட்டுவிட்டு வருகிறார். “காசு மிச்சமாவுறது இருக்கட்டும்மா, எங்க போறதுனாலும் அவர்கிட்ட கை நீட்ட வேணாம் பாரு, அதான் பெருசு” என்று ஒருநாள் சொன்னார். பயனாளிகளுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறுகிறது. அவர் சொன்ன கணக்கு அந்தத் தொகைக்குள் அடங்காது.

கண்ணகி நகர் ஏன் அவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கூவம் கரையிலும் நகரின் நடுப்பகுதியிலும் வாழ்ந்த குடும்பங்கள், 2000ஆம் ஆண்டையொட்டித் துரைப்பாக்கத்தில் உள்ள கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெருமளவில் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டன. வீடு நகர்ந்தது, வேலை மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலுமே நின்றுவிட்டது. ஒவ்வொரு முறை பேருந்து மாறும்போதும் புதிதாகச் சீட்டு வாங்க வேண்டிய நகரத்தில், தொலைவுக்குத் தள்ளப்பட்டவர்களே மிகுதியாகப் பேருந்து மாறுகிறார்கள், மிகுதியாகச் செலவழிக்கிறார்கள். மாதச் சீட்டு இருந்தது என்று சிலர் சொல்லலாம். நாள் கூலி வாங்குபவர் 1,000 ரூபாயை மொத்தமாக எங்கிருந்து எடுப்பார்? கட்டணமில்லாச் சீட்டு அந்த அநீதியில் ஒரு பகுதியையாவது துடைத்திருக்கிறது. இரண்டு பேருந்து மாறினாலும் மூன்று மாறினாலும் இப்போது அந்த அக்காவுக்குச் செலவில்லை.

இதை ‘ஓசிப் பயணம்’ என்று பேருந்துக்குள்ளேயே முணுமுணுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தச் செலவைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு மாநில அரசு ஈடுசெய்கிறது. அந்தப் பணத்தில் இந்தப் பெண்கள் வாங்கும் ஒவ்வொரு சோப்புக் கட்டியின் வரியும் அடக்கம். மேம்பாலத்தின் மீது போகும் காரிடம் யாரும் கட்டணம் கேட்பதில்லை. அதை ஓசி என்று எவரும் சொல்லியும் நான் கேட்டதில்லை.

நான் குடியிருக்கும் அடுக்குமாடி வளாகத்தில், வீட்டு வேலை செய்பவர்கள் பின்புற மின்தூக்கியில்தான் ஏற வேண்டும் என்று ஒரு பலகை தொங்குகிறது. கூட்டத்தில் இரண்டு முறை எதிர்த்துப் பேசியும் அதைக் கழற்ற என்னால் முடியவில்லை. காலையில் பேருந்தின் இடப்பக்க இருக்கையில் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து வந்த பெண்களில் ஒருவர், அரை மணி நேரத்தில் என் கட்டடத்தின் பின்வாசல் வழியாக நுழைவதைப் பார்க்கும்போது எனக்குக் கூசுகிறது.

இனி, குறை. வசதி சாதாரணக் கட்டணப் பேருந்துக்கு மட்டுமே; கூடுதல் கட்டணம் வாங்கும் டீலக்ஸுக்கும் குளிர்சாதனப் பேருந்துக்கும் கிடையாது. முன்பு சாதாரணப் பேருந்தை இனம் காண அதன் வெள்ளைப் பலகையைத் தேட வேண்டியிருந்தது. 2022 முதல் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்திருப்பதால், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தொலைவிலிருந்தே இனம் காண முடிகிறது. அது நல்ல மாற்றம். ஆனால் எந்தப் பேருந்து என்று தெரிந்துகொள்வதால் காத்திருப்பு குறைந்துவிடாது. மாலை ஏழு மணிக்கு நிறுத்தத்தில் டீலக்ஸ் வந்தால் நான் ஏறிவிடலாம். என் பையில் சில்லறை இருக்கிறது. அந்த அக்கா நிற்கிறார். அடுத்ததும் டீலக்ஸாக இருந்தால் இன்னும் நிற்கிறார். மகள் தொலைபேசியில் அழைத்து, எங்கே வருகிறாய் என்று கேட்கிறாள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் செல்லும் தடங்களிலாவது, குளிர்சாதனம் இல்லாத எல்லாப் பேருந்துகளிலும் இந்தச் சீட்டு செல்ல வேண்டும்.