தம்பிக்கு ஒரு மாத்திரை, அம்மாவுக்கு வேறொன்று

தம்பிக்கு மனநல மருத்துவர் மருந்து எழுதிய அன்று, "இருப்பதிலேயே நல்ல மாத்திரை இதுதானா?" என்று அப்பா கேட்டார். எட்டு மாதம் கழித்து அம்மாவுக்கு வேறொரு மாத்திரை எழுதிய பிறகுதான் அந்தக் கேள்வியில் விஷயமே இல்லை என்று புரிந்தது. மனச்சோர்வுக்கான 21 மருந்துகளை ஒப்பிட்டு 2018இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. எல்லாமே மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேல். அவற்றுக்குள் ஏற்றத்தாழ்வு பெரிதில்லை. பசி, தூக்கம், கழிவறை, படுக்கையறை ஆகியவற்றில்தான் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டுகிறது. வீட்டில் இருப்பவர்கள் கண்ணில் படுவதும் அதுதான்.

தம்பிக்கு எஸ்சிட்டலோப்ராம். இன்று பெரும்பாலும் முதலில் எழுதுவது இந்த வகையைத்தான். முதல் வாரம் குமட்டல், தலைவலி, இரவெல்லாம் புரளல். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுதாகத் தெரிய ஆறு அல்லது எட்டு வாரம். தொல்லை முதலில் வந்துவிடும், நன்மைதான் ஆடி அசைந்து வரும். இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் மாத்திரையைக் குப்பையில் போடச் சொல்கின்றன. பத்தாம் நாள் நாங்களும் சொன்னோம். மருத்துவர் பொறுக்கச் சொன்னார். நான்காம் வாரம் யாரும் சொல்லாமலே தம்பி குளித்துவிட்டு வந்தான். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "அப்படியேதான்" என்றான். நோயாளிக்கு முன்னால் வீட்டாருக்குத் தெரிந்துவிடுவது உண்டு.

அவனுக்கு வயது 22. இந்த வயதில் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறாருக்கும் 2007இல் 24 வயது வரையிலானவர்களுக்கும் எச்சரிக்கை விடுத்தது. எஸ்சிட்டலோப்ராமுக்கு மட்டுமல்ல, மனச்சோர்வு மருந்துகள் எல்லாவற்றுக்குமே. நிலைகொள்ளாமல் நடப்பது, திடீர் எரிச்சல், தூங்காமலே உற்சாகமாக இருப்பது, கண்டபடி செலவழிப்பது இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். இந்தியாவில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

அம்மாவுக்கு எழுதியது மிர்ட்டாசபின். சாப்பிடாமல், தூங்காமல் துரும்பாக இளைத்திருந்தார். முதல் இரவே தூங்கினார். ஒரு வாரத்தில் மூன்றாவது தோசை கேட்டார். குணமாகிவிட்டார் என்று சித்தி ஊரெல்லாம் சொன்னார். தேறியது வயிறும் கண்ணும் மட்டுந்தான். மனத்துக்கு அதே சில வாரங்கள் ஆயின. மூன்று மாதத்தில் ரவிக்கைகளைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே பருமனோ சர்க்கரையோ இருப்பவருக்கு இதை யோசித்துத்தான் எழுதுவார்கள். காலையிலும் மந்தம் தொடரும், ஸ்கூட்டர் சாவியைக் கொஞ்ச நாள் வாங்கி வைப்பது நல்லது.

நம் வீடுகளில் வாயே திறக்காத விஷயம் ஒன்று. எஸ்சிட்டலோப்ராம் பலருக்குத் தாம்பத்திய நாட்டத்தைக் குறைக்கிறது. மிர்ட்டாசபினில் இது குறைவு. 'என்மேல் அன்பு போய்விட்டது' என்று துணைவர் நினைத்துக்கொள்ள, அதற்குள் நோயாளி யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியிருப்பார். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

இதே நோய்க்கான பழைய மருந்தான அமிட்ரிப்டிலின் விலை மலிவு, வேலையும் நன்றாகச் செய்யும். வாய் உலரும், மலம் இறுகும், முதியவர் எழும்போது தலை சுற்றும். பக்கத்து வீட்டுக்காரர், "தலைவலிக்கு நானும் இதைத்தான் சாப்பிடுகிறேன், ஒன்றும் செய்யாது" என்பார். அவர் சாப்பிடுவது அநேகமாக 10 மில்லிகிராமாக இருக்கும். மனச்சோர்வுக்கான அளவு பல மடங்கு. அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். சாக நினைப்பவர் இருக்கும் வீட்டில் ஒரு மாதத்து மாத்திரையை அவர் கையில் கொடுக்கவே கூடாது. வாரத்துக்கு ஒருமுறை வாங்கினால் போதும். இந்த ஆபத்து எஸ்சிட்டலோப்ராமில் குறைவு, ஆனாலும் தம்பியின் அட்டையை அம்மா பீரோவில் பூட்டித்தான் வைத்திருந்தார்.

"தூக்க மாத்திரை, பழகிவிடும்" என்று பாட்டி எச்சரித்ததில் பாதி உண்மை. நம் ஊரில் எஸ்சிட்டலோப்ராமுடன், பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் குளோனசிபாமைச் சேர்த்து ஒரே மாத்திரையாகவும் விற்கிறார்கள், பழகுவது குளோனசிபாம். அட்டையில் இரண்டு பெயர் இருந்தால், இரண்டாவது எத்தனை நாளைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்சிட்டலோப்ராமுக்கு அந்த ஏக்கம் கிடையாது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் வரலாம். மாத்திரை போட அடிக்கடி மறப்பவருக்கு ஃப்ளூஆக்ஸிடின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து தோது, உடம்பில் வாரக்கணக்கில் தங்கும்.

குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். தம்பிக்கு இப்போதுதான் 10 மில்லிகிராமை 5 ஆகக் குறைத்திருக்கிறார்கள். அட்டை அவன் மேசையில் இருக்கிறது, பீரோ சாவியை அம்மா கேட்பதில்லை.