மெரினோ என்று சொல்லி அக்ரிலிக் அனுப்பினாள்: பின்னல் போடுகிறவர்கள் கவனத்துக்கு

6,840 ரூபாய். நகைக்கோ பட்டுக்கோ கொடுத்ததல்ல, பின்னல் நூலுக்குக் கொடுத்தது. மெரினோ ஆட்டின் கம்பளி என்று சொல்லி, அக்ரிலிக் என்ற செயற்கை இழை நூலைத் தலையில் கட்டிவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் 'நூல்தானே, போனால் போகிறது' என்று வீட்டில் எல்லாரும் பாடும் பாட்டை நானும் பாடத் தொடங்கிவிடுவேன்.

கைவினைப் பொருள் செய்பவர்கள் கடை விரிக்கும் ஓர் இணையச் சந்தை. அதற்குள் ஒரு நூல் கடை, அதை நடத்தும் ஒரு பெண். புகார் நடந்துகொண்டிருப்பதால் சந்தையின் பெயரும் சொல்லவில்லை, கடையின் பெயரும் சொல்லவில்லை.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு உனக்குக் கம்பளி நூல் எதற்கு என்று கேட்பீர்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்தான், மறுக்கவில்லை. ஸ்கார்ஃப் எனக்கில்லை, எடின்பரோவுக்குப் படிக்கப் போகும் என் அண்ணன் மகனுக்கு. அவனும் நானும் சேர்ந்து பார்த்தது 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் கற்பனைத் தொலைக்காட்சித் தொடர். அதன் நாயகனான டாக்டராக நான்காவது ஆளாக வந்து, 1974 முதல் 1981 வரை நடித்த டாம் பேக்கரின் கழுத்தில் சுற்றியும் மிச்சம் முழங்காலுக்குக் கீழே தொங்குமே, அந்தக் கோடு போட்ட ஸ்கார்ஃப்தான் அவன் கேட்டது. "அத்தை, கடையில் விற்பது வேண்டாம், நீங்களே பின்னிக் கொடுங்கள்" என்றான். ஸ்காட்லாந்துக் குளிருக்கு அசல் கம்பளியாக இருக்க வேண்டாமா? லாங் பஜாரில் எனக்குக் கிடைத்ததெல்லாம் குழந்தை ஸ்வெட்டருக்கு வாங்கும் அக்ரிலிக் நூல். அதை அக்ரிலிக் என்று சொல்லியே விற்கிறார்கள், அதற்கான விலையைத்தான் வாங்குகிறார்கள். அந்த நேர்மையின் அருமை இப்போது தெரிகிறது.

அந்த இணையக் கடைக்கு நான் எழுதியது ஒரே ஒரு வரி. ஏழு நிறத்தில் மெரினோ நூல் வேண்டும், நிறத்துக்கு நிறம் ஒரே சாயத் தொகுதியாக, அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றியதாக, இருக்க வேண்டும். உடனே பதில் வந்தது: "அக்கா, நான்காவது டாக்டரின் ஸ்கார்ஃபா?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் முடிந்தது. எங்கள் தெருவில் யாரிடம் போய் இந்தத் தொடரைப் பற்றிப் பேசுவேன்? அந்தப் பெண்ணோ மளமளவென்று அடுக்கினாள். உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்சிசன் பல நிற நூல்களை வாங்கிக் கொடுத்ததும், பெகோனியா போப் என்ற பின்னல்காரம்மா கொடுத்த நூல் முழுவதையும் பின்னித் தீர்த்துவிட்டதும், அதனால்தான் ஸ்கார்ஃப் அவ்வளவு நீளமாகிப்போனதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "உங்களுக்கு முதலில் வந்ததா, 1980-இல் ஜூன் ஹட்சன் மாற்றிய கருஞ்சிவப்பா?" என்று கேட்டாள். முதலில் வந்ததுதான் என்றேன். நான் சொல்வதற்கு முன் அவளே நிறங்களை எழுதி அனுப்பினாள்: ஊதா, ஒட்டக நிறம், வெண்கலம், கடுகு, துரு, சாம்பல், பச்சை கலந்த பழுப்பு. ஒரே சாமியைக் கும்பிடுகிறவள் என்று நினைத்தேன்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பணத்தை அனுப்பிவிடவில்லை. மாதிரி கேட்டேன். சின்னச் சுருளாக ஊதா நூல் தபாலில் வந்தது. நுனியைக் கொளுத்திப் பார்த்தேன். முடி பொசுங்கும் நாற்றம் வந்தது, தீக்குச்சியை விலக்கியதும் தானாக அணைந்தது, சாம்பல் விரலில் பொடிந்தது. அசல் கம்பளி. அதற்குப் பிறகுதான் நூல்கண்டு 570 ரூபாய் வீதம் 12 கண்டுக்கு 6,840 ரூபாய் கட்டினேன்.

பார்சலில் மேலே இருந்தது ஊதாக் கண்டு. அதிலும் ஒரு நுனியைக் கொளுத்தினேன், அதுவும் அசல். ஸ்கார்ஃப் தொடங்குவதே ஊதாவில்தான். இந்தத் தொடரை இவ்வளவு தெரிந்தவளுக்கு நான் எந்தக் கண்டை முதலில் கையில் எடுப்பேன் என்று தெரியாதா? மற்ற 11 கண்டுகளும் தொட்டால் பஞ்சாக இருந்தன. இப்போது வரும் நயமான அக்ரிலிக்கைக் கையால் மட்டும் தொட்டுப் பிரித்தறிவது லேசான காரியமல்ல.

13 அடி பின்னினேன். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால்கூட மடியில் கிடக்கும் நூல் அனலாகத்தான் இருக்கும். வாரக்கணக்கில் அப்படியே பின்னினேன். முடித்து, அலசி, வடிவம் நிற்பதற்காக மேலே ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்து எடுத்தேன். கம்பளிக்கு எப்போதும் செய்வதுதான். துணியை விலக்கினால் ஊதாப் பட்டை மட்டும் உப்பிக்கொண்டு கம்பீரமாக நிற்கிறது. பக்கத்தில் இருந்த ஒட்டக நிறப் பட்டை துவண்டு, நசுங்கி, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கிறது. இழுத்தால் நீளுகிறது, விட்டால் திரும்புவதில்லை. ஒரே ஸ்கார்ஃபில் ஒரு பட்டை விறைப்பு, அடுத்த பட்டை தொளதொளப்பு. ஓரம் முழுவதும் நெளிநெளியாகிவிட்டது.

மிச்ச நூல்களின் நுனியை ஒவ்வொன்றாகக் கொளுத்தினேன். ஊதாவைத் தவிர அத்தனையும் பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகிச் சொட்டி, ஆறியதும் எவர்சில்வர் தட்டில் கறுப்பு மணிகளாக ஒட்டிக்கொண்டன. நகத்தால் சுரண்டினாலும் பெயரவில்லை. தொடாத கண்டுகளை மளிகைக் கடைத் தராசில் போட்டேன். கண்டில் சுற்றியிருக்கும் சீட்டில் 100 கிராம் என்று இருக்கிறது, தராசில் 80-ஐச் சுற்றியே நிற்கிறது. சாயத் தொகுதி எண் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாச் சீட்டிலும் கத்தரித்து எடுத்திருக்கிறது.

எழுதினேன். "அக்கா" அன்றோடு போய் "மேடம்" ஆகிவிட்டது. இஸ்திரி போட்டது உங்கள் தவறு மேடம். சரி, எடை ஏன் குறைகிறது என்று கேட்டேன். உங்கள் ஊர் வெயிலில் ஈரம் காய்ந்து குறைந்திருக்கும் மேடம். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வது கம்பளியின் குணம். அக்ரிலிக் ஈரம் பிடிப்பதே அபூர்வம். இல்லாத ஈரம் எப்படிக் காயும்? நூல் கம்பளியாக இருந்தால்தானே அந்தச் சாக்கே செல்லும்! அப்படியே எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்பதற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. பிறகு என் எண்ணையே முடக்கிவிட்டாள்.

சந்தைக்காரர்கள் அதற்கு மேல். பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் திருப்பியிருக்க வேண்டுமாம். நூல் என்ன கத்திரிக்காயா, வந்த அன்றே வெட்டிப் பார்த்துச் சொத்தை என்று சொல்ல? பின்னி, அலசி, வடிவப்படுத்திய பிறகுதான் அதன் சாயம் வெளுக்கும். 13 அடியை 7 நாளில் பின்னுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மறுபடி எழுதினால் வேறொரு பெயரில் வேறொருவர் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று தொடங்கி அதே 7 நாளில் வந்து முடிக்கிறார். 6,840 ரூபாயைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அடுத்த வாங்கலில் தள்ளுபடிக்கு ஒரு கூப்பன் மட்டும் வந்திருக்கிறது. அதை வைத்து அதே கடையில் இன்னும் கொஞ்சம் அக்ரிலிக் வாங்கிக்கொள்ள வேண்டும்போல.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. மாதிரியை நம்பாதீர்கள். மேலே இருக்கும் கண்டோடு நிறுத்தாமல் ஒவ்வொரு கண்டிலும் ஒரு நுனியைக் கொளுத்திப் பாருங்கள். பார்சல் பிரிப்பதையும் தராசில் வைப்பதையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். சாயத் தொகுதி எண் இல்லாத சீட்டு வந்தால் அன்றே திருப்புங்கள். சின்னத் துண்டு பின்னி ஈரத்துணியோடு இஸ்திரி வைத்துப் பாருங்கள். 7 நாளுக்குள் இவ்வளவுதான் முடியும்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், நான் செய்துவிட்டேன். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் சந்தையின் குறைதீர் அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்தது வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவள் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. 6,840 ரூபாய்க்கு வழக்கா என்று வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்தக் கடையில் இன்று காலை புதிதாக ஓர் அறிவிப்பு போட்டிருக்கிறார்கள்: 'நான்காவது டாக்டர் ஏழு நிறத் தொகுப்பு, அசல் மெரினோ, குறைந்த இருப்பே உள்ளது'. அதற்கு அடியில் ஆறேழு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். உங்களில் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், தயவுசெய்து இன்னும் பணம் கட்டாதீர்கள்.