அந்தமான் டிசம்பர் பயணம்: ஏரியா ஏஜென்ட்டா, ஆன்லைன் சலுகையா, சொந்த முன்பதிவா, கப்பலா?

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் அந்தமானுக்குக் கிளம்புவது இப்போது புதிய செய்தி அல்ல. டிசம்பர் கடைசி வாரத்தில் விமான இருக்கை, தீவுகளுக்கு இடையிலான படகு, ஓட்டல் அறை ஆகிய மூன்றுக்கும் ஒரே சமயத்தில் தட்டுப்பாடு வருவதால், "இன்றைக்குள் அட்வான்ஸ் போட்டால்தான் சீட் நிற்கும்" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துப் பணம் பிடுங்குபவர்களுக்கும் அதுதான் சீசன். போவதற்கு உள்ள நான்கு வழிகளையும் நான் விலையை வைத்து ஒப்பிடவில்லை. பணத்தை வாங்குபவருக்கும் சேவையைத் தருபவருக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை வைத்தே ஒப்பிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

முதலில் ஏரியா ஏஜென்ட். கடை இருக்கிறது, ஷட்டர் இருக்கிறது, பிரச்சினை என்றால் நேரில் போய்க் கேட்கலாம் என்பது உண்மையான பலம். வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் இதை விரும்புவதில் தவறில்லை. ஆனால் இங்குள்ள ஏஜென்ட் பல நேரங்களில் வசூல் செய்பவர் மட்டுமே. வண்டி, அறை, படகு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வது அங்குள்ள வேறோர் ஆபரேட்டர். இவர் அவருக்குப் பாக்கி வைத்திருந்தால், நீங்கள் விமானத்தை விட்டு இறங்கிய பிறகு, "உங்கள் பணம் எங்களுக்கு வரவில்லை, கட்டினால்தான் படகு டிக்கெட்" என்ற பேச்சு தொடங்கும். ஆகவே மீதித் தொகையைக் கட்டுவதற்கு முன், பயணிகளின் பெயர் போட்ட படகு டிக்கெட்டையும் ஓட்டலின் உறுதிச் சீட்டையும் கேட்டு வாங்குவதும், அந்த ஓட்டலுக்கே போன் செய்து உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று விசாரிப்பதும் அவசியம்.

வாட்ஸ்அப்பில் வரும் கொட்டேஷனையும் நிதானமாகப் படிக்க வேண்டும். "3 ஸ்டார் அல்லது அதற்கு இணையான ஓட்டல்" என்ற வரியில் இணை எது என்பதை முடிவு செய்வது அவர்தான். "தனியார் படகு, இருப்பைப் பொறுத்து" என்றால், இல்லாதபோது வித்தியாசப் பணம் திரும்ப வருமா என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஹேவ்லாக், நீல் தீவுகள் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்றும், போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் அழைக்கப்படுவதால், பழைய பெயரையும் புதிய பெயரையும் தனித்தனி இடங்களாகக் காட்டிப் பட்டியலை நீட்டியிருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம். இந்த மூன்று இடங்களுக்கும் இந்தியர்களுக்குத் தனி நுழைவு அனுமதி தேவையில்லை, அடையாள அட்டை போதும் என்பதால், "பர்மிட் கட்டணம்" என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுப் பதிவாக இருந்தால் 33, அந்தமான் பதிவாக இருந்தால் 35. அந்த எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் பதிவு பெற்ற பெயரும் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். போர்டில் ஒரு பெயரும் பதிவில் வேறு பெயரும் இருந்தால் விளக்கம் கேட்காமல் பணம் தர வேண்டாம்.

ஆன்லைன் சலுகைக்கு நான் மதிப்பெண் எதுவும் தரமாட்டேன். இன்ஸ்டாகிராம் விளம்பரம், ஓட்டலின் பெயரிலேயே போலி இணையதளம், வரைபடச் செயலியில் மாற்றி வைக்கப்பட்ட போன் எண் என்று முகப்பு எதுவாக இருந்தாலும், கடைசியில் ஒரு தனிநபரின் பெயருக்கு யுபிஐ அனுப்பச் சொல்வதில்தான் வந்து நிற்கும். நம்பிக்கைக்காக விமான டிக்கெட்டின் பிடிஎஃப் ஒன்றை அனுப்புவார்கள். அதைப் பார்த்து மகிழாமல், பிஎன்ஆரை விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் போட்டு, பணம் கட்டி உறுதியான டிக்கெட்டா, தற்காலிகமாகப் பிடித்து வைத்த இருக்கையா என்று பார்க்க வேண்டும். வணிக வளாகத்தில் நிரப்பிப் போட்ட கூப்பனுக்கு "3 இரவு அந்தமான் இலவசம்" என்று அழைப்பு வந்தால், அது பெரும்பாலும் கணவன் மனைவி இருவரையும் ஓர் அறையில் மணிக்கணக்கில் உட்கார வைத்து உறுப்பினர் கட்டணம் வாங்கும் ஏற்பாடுதான்.

சொந்த முன்பதிவில் நடுவில் ஆள் இல்லை. விமானத்தை விமான நிறுவனத்திடமும், அறையை ஓட்டலிடமும், படகை மக்ரூஸ், நாட்டிகா போன்ற தனியார் நிறுவனங்களின் தளத்திலோ அந்தமான் கப்பல் துறையின் தளத்திலோ நேரடியாக வாங்கலாம். அரசுப் படகு மலிவு, ஆனால் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு என்பதால் சீசனில் சுற்றுலாப் பயணிக்கு இடம் கிடைப்பது கடினம். அதை நம்பித் திட்டம் போட்டுவிட்டு, பிறகு துறைமுக வாசலில் "டிக்கெட் இருக்கிறது சார்" என்பவரிடம் வேறொருவர் பெயரில் உள்ள சீட்டை வாங்கினால், அடையாள அட்டை பார்க்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். முதலில் படகு, அதன் பிறகு அறை என்ற வரிசையில் பதிவு செய்வது நல்லது.

இந்த வழியில் வரும் ஏமாற்று தீவுக்குள்தான் இருக்கிறது, அதன் அளவும் சிறியது. ஸ்ரீ விஜயபுரத்தில் தமிழ் பேசுபவர்கள் நிறைய என்பதால், "அண்ணே, நானும் நம்ம ஊருதான்" என்ற குரல் கேட்டதும் மனம் இளகிவிடும். அப்படிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் நல்லவர்களே என்றாலும், வண்டி வாடகையில் காத்திருப்பும் ஜெட்டிக்குக் கொண்டுவிடுவதும் சேர்த்தியா என்பதை ஏறுவதற்கு முன் பேசிவிட வேண்டும். ஹேவ்லாக்கின் எலிபன்ட் கடற்கரைப் படகோடு தரப்படும் இலவச ஸ்நார்க்கெலிங் (முகமூடி மாட்டி நீரில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) சில நிமிடங்களில் முடிந்துவிடும், மேலும் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீரில் நிற்கும்போதே தொகை சொல்வார்கள். ஸ்கூபாவில் விலையைவிடப் பாதுகாப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உடல்நலப் படிவம் நிரப்பச் சொல்லாத கடையில் இறங்கவே கூடாது. பயிற்சியாளர் பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் சான்று பெற்றவர் என்றால், அவருடைய எண்ணை அந்த அமைப்பின் தளத்தில் சரிபார்க்கலாம்.

இரண்டு விஷயங்களில் பணத்தோடு வழக்கும் சேர்ந்து வரும். பாரதாங் தீவுக்குச் செல்லும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகத்தின் வழியே போகிறது. அவர்களைக் காட்டுகிறேன், படம் எடுக்கலாம் என்று யாராவது கூடுதல் பணம் கேட்டால், 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் தண்டனைக்குரிய குற்றத்துக்கு உங்களைக் கூட்டாளியாக்குகிறார் என்று பொருள். அதேபோல் கடற்கரையில் விற்கும் பவளத்தை வாங்கினால், அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட பொருள் என்பதால், விற்றவர் கடையில் இருப்பார், நீங்கள் விமான நிலையத்தில் நிற்பீர்கள். சிப்பிப் பொருள் வேண்டுமென்றால் அரசின் சாகரிகா விற்பனையகத்தில் பில்லோடு வாங்குங்கள்.

கப்பல் வட சென்னைக்காரருக்கு வீட்டு வாசலில் இருக்கும் வழி. அந்தமான் கப்பல் துறையின் அலுவலகம் ராஜாஜி சாலையிலேயே இருக்கிறது. டிக்கெட்டை அரசுத் துறையே நேரடியாகத் தருவதால் ஏமாற இடம் மிகக் குறைவு. ஆனால் போகவே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும், புறப்படும் தேதியும் மாறக்கூடும். பத்து நாள் பள்ளி விடுமுறைக்கு இது ஒத்துவராது. ஓய்வு பெற்றவர்களுக்கும் கடல் பயணத்தில் ஆசை உள்ளவர்களுக்கும் ஒத்துவரும்.

என் கணக்கில் சொந்த முன்பதிவுக்கு முதலிடம். இணையத்தில் பதிவு செய்யத் தெரியாதவர்களுக்கும் பெரிய குழுவாகப் போகிறவர்களுக்கும் மேலே சொன்ன காகிதங்களைத் தரச் சம்மதிக்கும் ஏரியா ஏஜென்ட். பணம் போன பிறகு மீட்பதிலும் இந்த வரிசை மாறுவதில்லை. கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டுத் திரும்பக் கேட்கலாம். ஏஜென்ட்டின் பில் கையில் இருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. முகம் தெரியாத யுபிஐ கணக்குக்கு அனுப்பியிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் முடக்கினால்தான் ஏதாவது மிஞ்சும்.