புத்தகத்தை யார் தேர்ந்தெடுப்பது: தலைமையகமா, கிளையா?

மலையில் கிளை வைக்கும் பெரிய புத்தகக் கடைகளுக்கு இந்தக் குழப்பம் வந்தே தீரும்.

செலவு: தலைமையகம் மொத்தமாக வாங்கினால் பதிப்பாளர் கூடுதல் கழிவு தருவார். கிளை தனியாக வாங்கினால் அது குறையும்.

விற்பனை: இங்கேதான் கிளை ஜெயிக்கிறது. மே மாத சீசனில் ஊட்டிக்கு வருபவர் பறவைக் கையேடு கேட்பார். ஜூலை மழையில் உள்ளூர்க்காரர் போட்டித் தேர்வுப் புத்தகம் தேடுவார். சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது எப்படித் தெரியும்? விற்காத கட்டு ஈரத்தில் அட்டை வளைந்து, ஓரம் பூத்துப்போனால் பதிப்பாளர் திருப்பி எடுக்கவும் மாட்டார். அமெரிக்காவின் பெரிய புத்தகக் கடை நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள் 2019-இல் கைமாறியதும், அதன் புதுத் தலைமை நிர்வாகி ஜேம்ஸ் டான்ட் தேர்வுப் பொறுப்பைக் கிளைகளிடமே கொடுத்தார். அப்புறம் புதுக் கடைகளும் திறந்தார்கள்.

கணக்கு: தலைமையகம்தான் சுலபம்.

பாடநூல், அகராதிக்குத் தலைமையகம் சரி. மற்ற அலமாரிகளைக் கிளை மேலாளரிடமே விடுங்கள், ஆனால் படிக்கிற ஆளாகப் பார்த்து வையுங்கள்.