விருந்து, கேக், தோழியர் உடை: தூத்துக்குடியில் ஒரு வரவேற்பு பேக்கேஜ் பற்றிய மதிப்பீடு

தூத்துக்குடியில் கிறிஸ்தவத் திருமண வரவேற்புக்கான விருந்து, கேக், மணமகளின் தோழியர் உடை ஆகிய மூன்றையும் ஒரே கையில் ஒப்படைக்கலாம் என்று சொல்லும் பேக்கேஜ்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. என் தங்கையின் திருமணத்துக்கு அப்படியொரு பேக்கேஜைத்தான் எடுத்தோம். விருந்து மிகச் சிறப்பாக இருந்தது, கேக் சுமாராக இருந்தது, உடையில் பெரும் ஏமாற்றம். விருந்தை அந்த நிறுவனத்தார் தங்கள் சொந்த ஆட்களை வைத்துச் சமைத்தார்கள். கேக்கையும் உடையையும் வேறு இடங்களில் கொடுத்து வாங்கித் தந்தார்கள். தரத்தில் தெரிந்த ஏற்றத்தாழ்வு முழுவதும் இந்த ஒரு காரணத்திலிருந்து வந்தது என்பது என் உறுதியான கருத்து. இதே முறையில் இயங்கும் நிறுவனங்கள் ஊருக்கு ஊர் இருப்பதால் பெயரை விட்டுவிட்டு, பேக்கேஜை மட்டும் மதிப்பிடுகிறேன்.

முதலில் நாள் குறித்த ஒரு செய்தி. தவக்காலத்தில் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் திருமணம் வைப்பதில்லை என்பதால், ஈஸ்டர் முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் திருமணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. அந்த நாள்கள் கோடையின் உச்சம். அதோடு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலோர ஊரில் வரவேற்பு விருந்து என்றால் வெளியூர் உறவினர்கள் முதலில் எதிர்பார்ப்பது சீலா மீன் வறுவலைத்தான். நிறுவனத்தாரின் முதல் நேர்மை அங்கேயே வெளிப்பட்டது. ருசி பார்க்க எங்களை அழைத்த அன்றே, தடைக்காலத்தில் 600 பேருக்கு ஒரே தரத்தில் சீலா துண்டு போட முடியாது, நாட்டுப் படகுகளில் வரும் மீன் அந்த அளவுக்குக் காணாது, ஐஸில் நாள்பட்ட மீனைத் தங்களால் பரிமாற முடியாது என்று தெளிவாகச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக மட்டன் சுக்காவைச் சிறிது கூடுதல் விலைக்குச் சேர்த்தோம். பட்டியலில் மீனை எழுதிவைத்து முன்பணத்தை வாங்கிக்கொண்டு, கடைசி நேரத்தில் கையை விரிப்பவர்கள் உண்டு என்பதால் இந்த வெளிப்படைத்தன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிரியாணிக்குச் சீரகச் சம்பா அரிசிதான் வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். அவர்களும் அதையே விரும்பினார்கள். பொடி அரிசியாக இருப்பதால் கறியின் சாறும் மசாலாவும் உள்ளே நன்றாக இறங்கும். ஆனால் பாஸ்மதியைப் போல அது நெடுநேரம் பொறுத்திருக்காது. தம் உடைத்துச் சிறிது நேரம் கடந்தாலும் அடியில் இருக்கும் அரிசி குழைந்து கட்டிதட்டிவிடும். மாலையிலேயே மொத்தப் பிரியாணியையும் ஆக்கி, மண்டபத்தின் பின்புறம் அடுக்கிவைத்துவிட்டு, பத்து மணிப் பந்திக்கும் அதையே அள்ளிப்போடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் என்ற கணக்கில் 60 கிலோ அரிசியும், அதற்கு 75 கிலோ வெள்ளாட்டுக் கறியும் எடுத்து, அண்டா அண்டாவாகப் பிரித்து, பந்திகளின் நேரத்துக்கு ஏற்ப அடுத்தடுத்துத் தம் போட்டார்கள். பச்சைக் கறியின் கணக்கில் தலைக்கு 125 கிராம் வருகிறது. தொடுகறியாகச் சுக்காவும் தனியாக இருந்ததால் அது தாராளமான அளவு. ஆடுகளை எட்டயபுரம் சந்தையிலிருந்து உயிருடன் வாங்கிவந்து, அன்று அதிகாலையில் அறுத்தார்கள்.

சமையல் மாஸ்டர் வேலை செய்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மூடியின் விளிம்பைச் சுற்றி மைதா மாவைத் திரித்து ஒட்டி, அடியில் எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்துவிட்டு, அந்தத் தணலை மண்வெட்டியால் அள்ளி மூடியின் மேல் பரப்பினார். திறக்கும்போது நடுவில் கரண்டியைக் குத்தாமல், ஓரத்திலிருந்து தட்டைக் கரண்டியைச் சாய்த்து உள்ளே விட்டு, அரிசி உடையாமல் மேலும் கீழுமாகப் புரட்டினார். கறித்துண்டுகள் எல்லா இலைக்கும் ஒரே அளவில் விழுவது அந்தப் புரட்டலில்தான் இருக்கிறது. "கடைசி அண்டாவைத் திறக்கும்போது நீங்களே வந்து பாருங்க அண்ணாச்சி" என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொன்னபடியே கடைசிப் பந்திக்கும் முதல் பந்தியைப் போலவே ஆவி பறக்கும் பிரியாணி வந்தது. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல மணி நேரம் இருந்தால் கிருமிகள் பெருகும் என்பதால், கோடை இரவில் இந்த முறை ருசியோடு நிற்காமல் விருந்தினரின் உடல்நலத்தையும் காக்கிறது.

சைவம் உண்பவர்களுக்குத் தனி அடுப்பும் தனிப் பாத்திரங்களும் வைத்து, திருநெல்வேலிப் பக்கத்துச் சொதியைச் செய்திருந்தார்கள். தேங்காய்ப் பாலைக் கடைசியாகச் சேர்த்து, பொங்கவிடாமல் இறக்கிய, திரிந்துபோகாத நல்ல சொதி. கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்குச் சிப்ஸும். அசைவ விருந்துகளில் சைவக்காரர்களுக்கு ஒரு சாம்பார் சாதத்தை ஒப்புக்கு வைத்துவிட்டுப் போகும் நிலையில், இந்தக் கவனம் என் மனத்துக்கு நிறைவாக இருந்தது. உடன்குடிக் கருப்பட்டியில் செய்த அல்வாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கருப்பட்டியின் லேசான புகை மணம் நெய்யில் அமுங்கிப்போகாமல் அப்படியே இருந்தது. மேசைகளில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் விரிப்பு எதுவும் இல்லை. காகித விரிப்பின் மேல் வாழையிலை போட்டார்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை விலைப்பட்டியலின் தலைப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். குறை என்று சொன்னால் ஒன்றுதான்: ஐஸ்கிரீம் மேசையில் ஒரே ஆள் நின்றதால் குழந்தைகள் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது.

இனி கேக். ஆல்பத்தில் காட்டப்பட்ட படம் மூன்று அடுக்கு வெள்ளைக் கேக். அதன் கீழ் இரண்டு அடுக்கும் தெர்மாகோல் என்பதும், மேலடுக்கு மட்டுமே வெட்டக்கூடிய கேக் என்பதும் நாங்கள் துருவிக் கேட்ட பிறகே தெரியவந்தது. தெர்மாகோல் அடுக்கு வைப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. எடை குறைவு, சாயும் பயம் இல்லை, செலவும் மிச்சம். ஆனால் மூன்றும் கேக் என்று நினைத்து விலை பேசுபவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

மேலடுக்கில் பூசியிருந்தது பால் சேராத விப்பிங் கிரீம். மண்டபத்தில் விருந்தினர் வந்த பிறகே ஏசி போடுவார்கள் என்பதையும், மே மாத மாலையில் கடற்காற்றின் ஈரப்பதம் எப்படியிருக்கும் என்பதையும் கேக் செய்தவர் அறிந்திருக்கவில்லை அல்லது அவரிடம் யாரும் சொல்லவில்லை. மணமக்கள் கத்தியைக் கையில் எடுப்பதற்குள் ஓரத்தில் வைத்த கிரீம் பூக்கள் சரிந்துவிட்டன. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால் பட்டர் கிரீமும் இந்தப் பருவத்துக்கு ஏற்றதன்று. முட்டை வெள்ளைக்கருவையும் பொடித்த சர்க்கரையையும் அடித்துப் பூசி இறுகவிடும் பழைய ராயல் ஐசிங்கே நம் ஊர் வெயிலைத் தாங்கும்; எங்கள் தாய்மார் காலத்துத் திருமணக் கேக்குகள் அப்படித்தான் இருந்தன. அதை விரும்பினால் ஆல்பத்தைப் புரட்டுவதோடு நிறுத்தாமல் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

விருந்தினருக்குக் கொடுக்கும் துண்டுகளுக்குப் பிளம் கேக் கேட்டிருந்தோம். தலைக்கு 50 கிராம் வீதம் 600 பேருக்கு 30 கிலோ. எடையில் குறைவில்லை, பெட்டிகளும் அழகாக இருந்தன. ஆனால் உலர்திராட்சை ஊறவேயில்லை. பல்லில் அது சவ்வு போல இழுபட்டது. பழம் ஈரத்தை விடாததால் கேக்கும் உதிர்ந்தது. ரம்மிலோ திராட்சைச் சாற்றிலோ வாரக்கணக்கில் ஊற வேண்டிய பழத்தை அவசரத்தில் போட்டிருக்கிறார்கள் என்பது ஒரு கடி கடித்தால் தெரிந்துவிடும். நன்றாக ஊறிய பழத்தால் செய்த பிளம் கேக், நாள் செல்லச் செல்ல ருசி கூடும் பண்டம். அதைத் திருமணத்துக்கு வெகுமுன்பே சுட்டுவைக்கலாம், வைக்கவும் வேண்டும். இங்கே கேக் செய்தவரை நாங்கள் நேரில் பார்க்கவேயில்லை. பழம் எப்போது ஊறவைக்கப்பட்டது என்று கேட்டதற்கு நிறுவனத்தாரிடமும் விடை இல்லை. பிரியாணிக்கு ஆடு எந்தச் சந்தையில் வாங்கியது என்பது வரை சொன்ன அதே மனிதர்கள் இவர்கள்.

முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுடும் மக்ரூன் இந்த ஊரின் பெருமை. பெட்டிக்குள் கேக் துண்டோடு இரண்டு மக்ரூன்களை, காற்றுப் புகாத சிறு உறையில் போட்டு வைக்கும்படி நாங்கள் கேட்டுக்கொண்டோம். அவற்றைப் பேக்கேஜுக்கு வெளியே நகரத்து பேக்கரி ஒன்றிலிருந்து நாங்களே வாங்கிக் கொடுத்தோம். கடலோர ஈரக்காற்றில் மக்ரூன் எளிதில் நமத்துவிடும் என்பதால் அந்த உறை அவசியம். வெளியூர் உறவினர்கள் கேட்டு வாங்கிச் சென்றது அதைத்தான்.

தோழியர் உடைதான் இந்த பேக்கேஜின் பலவீனமான பகுதி. ஐந்து தோழியருக்கும், பூக்கூடை ஏந்தும் இரண்டு சிறுமியருக்கும் கடல்பச்சை நிற ஜார்ஜெட் கவுன் என்று முடிவாகியிருந்தது. அளவுகளை வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் அனுப்பி வாங்கினார்கள். தோளிலிருந்து இடுப்பு வரை உள்ள அளவை ஆளுக்கொரு விதமாக எடுத்து அனுப்பினால் தையல் எப்படிச் சரியாக அமையும்? டிரையல் பார்க்க உடை கேட்டபோதெல்லாம் தையல் வெளியூரில் நடக்கிறது என்று தள்ளிப்போட்டு, திருமணத்துக்கு முந்தைய நாள்தான் கையில் கொடுத்தார்கள்.

பெட்டியைப் பிரித்தவுடன் கண்ணில் பட்டது நிற வேறுபாடு. மூன்று கவுன்கள் ஒரு பச்சையிலும் இரண்டு கவுன்கள் சற்று நீலம் கலந்த பச்சையிலும் இருந்தன. ஒரே எண் கொண்ட துணியாக இருந்தாலும் ஒவ்வொரு முறை சாயமேற்றும்போதும் நிறம் சிறிது மாறும். அதனால்தான் ஒரே தானிலிருந்து மொத்தத் துணியையும் ஒரே வேளையில் வெட்டி வாங்க வேண்டும் என்று பழகிய தையற்காரர்கள் வற்புறுத்துவார்கள். ஒரு நீளக் கவுனுக்கு நாலரை மீட்டர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு 22.5 மீட்டர் தேவை. இந்த வேறுபாடு வீட்டுக்குள் அவ்வளவாகத் தெரியாவிட்டாலும், மேடையின் எல்இடி வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. ஒளிப்படங்களில் இன்னும் அதிகமாகத் தெரிகிறது.

அதைவிட வருத்தம் தந்தது உள்தையல். தேவைப்பட்டால் பிரித்து விரிப்பதற்காக ஒன்று, ஒன்றரை அங்குலம் துணியை உள்ளே மடித்துவிடுவது நம் தெருமுனைத் தையல் கடைகளிலும் உள்ள வழக்கம். இவற்றில் கால் அங்குலம்கூட இல்லை. இறுக்கமாக இருந்த இரண்டு கவுன்களுக்கு எங்கள் தெருவில் தைக்கும் அக்கா இரவெல்லாம் உட்கார்ந்து, இரு பக்கங்களிலும் அதே நிறத் துணிப்பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். அந்த உதவியை எங்கள் குடும்பம் மறக்காது. சிறுமியர் உடையில் நெட் துணி நேரடியாக உடம்பில் படும்படி இருந்ததால் அவர்கள் திருப்பலி முழுவதும் சொரிந்துகொண்டே இருந்தார்கள். பெரியவர்களின் கவுனில் காட்டன் லைனிங்குக்குப் பதிலாகப் பாலியஸ்டர் சாட்டின் வைத்திருந்ததும் மே மாதத்துக்குப் பொருந்தாத தேர்வு.

தோழியருக்கு ஒரே மாதிரிச் சேலை எடுத்திருந்தால் இவற்றில் பாதிச் சிக்கல் எழுந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. சேலையில் அளவுக்குத் தைக்க வேண்டியது ரவிக்கை ஒன்றுதான். அதை அவரவர் ஊரில், அவரவருக்குப் பழகிய தையற்காரரிடம் கொடுத்துவிடலாம். கோயிலுக்குள் தோள் மூடியிருக்க வேண்டும் என்ற ஒழுங்கும் தானாக அமைந்துவிடும். மெல்லிய பருத்திச் சுங்குடிச் சேலையை, கரை நிறத்தை மட்டும் மணப்பெண்ணின் பூச்செண்டோடு பொருத்தி எடுத்தால், திருமணத்துக்குப் பிறகும் அதை உடுத்தலாம்.

கணக்கு முடிக்கும்போது நாங்கள் முன்வைத்த குறைகளை நிறுவனத்தார் மறுக்கவில்லை. உடைக்கான தொகையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டார்கள்; கேக்குக்கு எதுவும் குறைக்கவில்லை. கேட்பவர்களுக்கு விருந்துக்கு மட்டும் தனி விலைப்பட்டியல் தருகிறார்கள், பேக்கேஜ் விலையைக் காட்டி அதை மறைப்பதில்லை. விருந்தை அவர்களிடம் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒப்படைக்கலாம். கேக்கையும் உடையையும் செய்பவரை நேரில் பார்த்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஈஸ்டருக்குப் பிந்தைய சனி, ஞாயிறுகளுக்கு இந்த மாஸ்டரே வர வேண்டும் என்றால் கிறிஸ்துமஸ் முடிந்ததுமே முன்பணம் கொடுத்துத் தேதியைப் பிடித்துவிடுங்கள். மாஸ்டர் யார் என்பதை ரசீதில் எழுதித்தரச் சொன்னால் எழுதித்தருகிறார்கள்.