டெக்சாஸில் கிராமத்துப் பக்கம் வீடு வாங்குபவர்களுக்கு: பழைய ஓனரின் வரி பில் உங்கள் பில் அல்ல

ஹூஸ்டனிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு சின்ன கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), 10 ஏக்கர் நிலத்தோடு ஒரு வீட்டை 2023 அக்டோபரில் வாங்கினோம். கொடுத்த விலை 4 லட்சத்து 20 ஆயிரம் டாலர். ஏஜென்ட் நம் தமிழ் ஆள்தான், கோவில் வாட்ஸ்அப் குழுவில் பலரும் சிபாரிசு செய்தவர். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் அந்தப் பணத்தையெல்லாம் சொத்து வரியில்தான் பிடிப்பார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் முதல் கேள்வியே வரி பற்றித்தான் கேட்டேன். “வருஷத்துக்கு 1,500 டாலர்தான் அண்ணா. ஆக் எக்ஸெம்ப்ஷன் இருக்கு, அது நிலத்தோடயே வந்துடும்” என்றார். ஆக் என்றால் அக்ரிகல்ச்சர், விவசாய நிலத்துக்கான வரிச் சலுகை. பழைய பில்லையும் காட்டினார். பில் உண்மையானதுதான். ஆனால் அது எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவரின் பில். அதை ஏஜென்ட் சொல்லவில்லை.

அந்த 1,500க்குள் மூன்று விஷயங்கள் ஒளிந்திருந்தன. வீடு விற்ற பிறகு அதில் ஒன்றுகூடத் தானாக நம்மிடம் வராது.

முதலாவது, 65 வயது தாண்டியவர்களுக்குப் பள்ளி வரி ஒரு தொகையோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. கிராமப்புற கவுண்டியில் மொத்த பில்லில் பெரிய பங்கு பள்ளி வரிதான். இரண்டாவது, ஓனரே குடியிருக்கும் வீடு என்ற ஹோம்ஸ்டெட் பதிவு இருந்தால் வரிக்கான மதிப்பை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. பெரியவர் பல வருஷம் அங்கேயே இருந்ததால், வீட்டு மதிப்பு சந்தை விலைக்கு வெகு கீழே இருந்தது. கை மாறியதும் அது சந்தை மதிப்புக்குப் போய்விடும்.

மூன்றாவதுதான் ஆக். பேச்சில் எக்ஸெம்ப்ஷன் என்கிறோம், உண்மையில் அது விலக்கு கிடையாது, வேறு விதமான மதிப்பீடு. வைக்கோலோ மாடோ தரக்கூடிய வருமானத்தை வைத்து நிலத்துக்கு மதிப்புப் போடுவார்கள். எங்கள் இடத்தில் வீட்டைச் சுற்றியுள்ள ஒரு ஏக்கர் போக மீதி 9 ஏக்கரின் சந்தை மதிப்பு 1,60,000 டாலர், ஆக் கணக்கில் வெறும் ஆயிரம் சொச்சம். நிலத்தில் அதே வைக்கோல் வெட்டு நடந்தாலும் புது ஓனர் ஏப்ரல் 30க்குள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நிலத்தோடு தானாக வராது.

2024 மே மாதம், வரிக்காகச் சொத்துகளுக்கு மதிப்புப் போடும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிலிருந்து மதிப்பு நோட்டீஸ் வந்தது. அதில் நிலம் முழு 1,60,000 என்று இருந்தது. உடனே படம் எடுத்து ஏஜென்டுக்கு அனுப்பினேன். “அது மார்க்கெட் வேல்யூ அண்ணா, எல்லாருக்கும் அப்படித்தான் போடுவாங்க, பில்லில் கழிச்சிடுவாங்க” என்று பதில். அந்த ஒரு பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்போதும் வழி இருந்தது. அந்த வருஷத்து மதிப்புப் பட்டியலை மறுஆய்வு போர்டு அங்கீகரிக்கும் வரை, பொதுவாக ஜூலை வரை, தாமதமாகவும் ஆக் விண்ணப்பம் கொடுக்கலாம். மிச்சமாகும் வரியில் 10 சதவீதம் அபராதம், அவ்வளவுதான். அவர் பேச்சால் அதுவும் போயிற்று.

பில் வந்தபோது 5,700 டாலருக்கு மேல். ஹோம்ஸ்டெட்டை நாங்களே பதிவு செய்திருந்ததால் பள்ளி வரியில் 1 லட்சம் டாலர் மதிப்பு கழிந்து வந்த தொகை அது. இல்லாவிட்டால் இன்னும் ஆயிரம் கூடியிருக்கும்.

அப்புறம் எஸ்க்ரோ, அதாவது வரி கட்டுவதற்காகத் தவணையோடு சேர்த்து மாதாமாதம் பிடித்து வைக்கும் பணம். கடன் கொடுத்த கம்பெனி பழைய 1,500ஐ வைத்து மாதம் 125 டாலர் பிடித்துக்கொண்டிருந்தது. புது பில்லுக்கு மாதம் 475 வேண்டும். போதாக்குறைக்கு, ஏற்கெனவே விழுந்த 4,200 டாலர் பள்ளத்தையும் 12 மாதத்தில் நிரப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து மாதத் தவணை சுமார் 700 டாலர் ஏறியது. அந்தக் கடிதத்தைப் பார்த்த அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இடையில் இன்னொரு கூத்து. வாங்கிய புதிதில், அரசாங்கக் கடிதம் மாதிரியே கட்டம், பார்கோடு, கடைசித் தேதி எல்லாம் போட்டு ஒரு தபால் வந்தது. நூறு டாலருக்குப் பக்கத்தில் கட்டினால் ஹோம்ஸ்டெட் பதிவு செய்து தருவார்களாம். பொடி எழுத்தில் மட்டும் ‘இது அரசு நிறுவனம் அல்ல’. ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. 50-114 என்ற படிவத்தை நிரப்பி, வீட்டு முகவரி உள்ள டிரைவர் லைசென்ஸ் நகலோடு அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் கொடுத்தால் போதும். பத்திர நகல் வாங்கித் தருகிறோம் என்று வரும் கடிதமும் இதே ரகம்.

வாங்கும் முன் கணக்கை நீங்களே போடுங்கள். அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் சந்தை மதிப்பு, பழைய ஓனருக்கு இருக்கும் சலுகைகள், பள்ளி, கவுண்டி, மருத்துவமனை, தீயணைப்பு என்று ஒவ்வொன்றின் விகிதம் எல்லாம் இருக்கும். விகிதம் 100 டாலர் மதிப்புக்கு இவ்வளவு என்று போட்டிருப்பார்கள். சலுகை எதுவும் இல்லையென்று வைத்து முழு சந்தை மதிப்பைப் பெருக்குங்கள். எங்களுக்கு மொத்தம் 100 டாலருக்கு 1.6 டாலர் வந்தது, அதாவது 4 லட்சத்து 20 ஆயிரத்துக்கு 6,720 டாலர். அந்தத் தொகையைக் கட்ட முடிந்தால் மட்டும் மேலே பேசுங்கள்.

ஆக் நிலத்தில் பெரிய ஷெட்டோ நீச்சல் குளமோ கட்டும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம். பயன்பாடு மாறிய பகுதிக்கு முந்தைய 3 வருஷத்து வரி வித்தியாசத்தைப் பின்னோக்கி வசூலிப்பார்கள். வாங்கியவர் செய்த மாற்றத்தால் வந்தால் அது வாங்கியவர் தலையில்தான் என்று இங்கே வழக்கமான ஒப்பந்தப் படிவத்திலேயே இருக்கிறது. கையெழுத்துப் போடும் நாளில் அந்தப் பத்தியை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

பக்கத்துப் பண்ணைக்காரர் எங்கள் நிலத்தில் வைக்கோல் வெட்டுவதை நிறுத்தாததால் 2025க்கு ஆக் கிடைத்துவிட்டது. அந்த வருஷம் பள்ளி வரி விலக்கும் 1,40,000 டாலராக உயர்ந்ததில் பில் 2,800க்குள் அடங்கியது. 2024இல் ஆக் இல்லாமல் போன சுமார் 2,500 டாலர் போனதுதான். ஏஜென்டிடம் கேட்டால், “அது கவுண்டி விஷயம் அண்ணா, எனக்கு எப்படித் தெரியும்” என்கிறார். ஏஜென்டுகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் மாநில ரியல் எஸ்டேட் கமிஷனுக்கு, அந்த வாட்ஸ்அப் உரையாடலையும் சேர்த்து, புகார் எழுதி அனுப்பியிருக்கிறேன். இதே பக்கம் இடம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், ஏஜென்ட் வரி பற்றிச் சொல்வதை வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்கி வையுங்கள்.