சிறையா, நன்னடத்தைப் பிணையா?

கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்ற வாசலில் ஓர் அம்மா, முந்தானையில் முடிந்திருந்த பஸ் காசை அவிழ்த்தபடி கேட்டார்: "பையனுக்கு 19 வயசுங்க. பைக் திருட்டு, முதல் தடவை. உள்ளே போட்டுடுவாங்களா?"

இரண்டு வழி உண்டு. ஒன்று சிறை. மற்றது நன்னடத்தைப் பிணை: ஒழுங்காக நடப்பேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்து, சிறைக்குப் போகாமல் வெளியே இருப்பது. (ஜாமீன் வேறு, இது குற்றம் நிரூபணமான பிறகு வருவது.)

வேலை
சிறை: கேப்பர் மலையில் உள்ள மத்தியச் சிறைக்குப் போனால் இருக்கிற வேலையும் போகும்.
பிணை: வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம்.

பறிகொடுத்தவர்
சிறை: மனம் ஆறலாம், நஷ்டம் தீராது.
பிணை: 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் இழப்பீடு கட்டச் சொல்லலாம். பையன் சம்பாதித்தால்தானே அந்தப் பணம் வரும்? எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

கட்டுப்பாடு
சிறை: தண்டனைக் காலம் முடிந்தால் சரி.
பிணை: 3 ஆண்டு வரை பத்திரம், மீறினால் பழைய குற்றத்துக்கே தண்டனை கிடைக்கலாம்.

21 வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்ப, நீதிபதி நன்னடத்தை அலுவலரின் (குற்றம் செய்தவரின் குணம், குடும்பச் சூழலை விசாரிப்பவர்) அறிக்கையைப் பார்த்துக் காரணத்தை எழுத வேண்டும். முதல் தவறு, இளவயது என்றால் பிணைதான் பொருத்தம். கத்தியைக் காட்டிப் பறித்தவர், திரும்பத் திரும்பச் செய்பவர் என்றால் சிறை.

அந்த அம்மாவிடம் சொன்னேன்: "அலுவலர் விசாரிக்க வரும்போது பள்ளிச் சான்றிதழையும் முதலாளி தந்த கடிதத்தையும் எடுத்து வைங்கம்மா."